ஏரிமீனும் அதன் இரையும்



விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ள ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், ஒருமுறை எங்கள் மாணவர்களை உதகமண்டலத்திற்குச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். அவலாஞ்சி என்னும் இடத்தில் உள்ள மீன்பண்ணையைக் கண்டோம். குளிர்ந்த நீர் சலசலத்து ஓடும் தொட்டிகளில், உடலெங்கும் புள்ளிகள் நிறைந்த டிரவுட் மீன்கள் எதிர்நீச்சலிட்டு நின்றன. ஊர் திரும்பிய மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, மலையில் வளரும் அந்த மீனை நம் ஏரியில் விட்டால் வளராதா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் அது சிரிக்கத்தக்க வினா அன்று. ஒரு நீர்நிலையில் எந்த மீன் வாழும், எத்தனை மீன் வாழும், எவ்வளவு வேகமாக வளரும் என்னும் மூன்று வினாக்களும் அந்த ஒரு வினாவினுள் அடங்கியிருந்தன. அவற்றிற்கு உரிய விடையை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் டிரவுட் மீன் நீலகிரிக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். அது நம் நாட்டு மீன் அன்று. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் 1860களில் இங்கிலாந்திலிருந்து அதன் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். நெடிய கப்பற் பயணத்தின் வெப்பத்தை முட்டைகள் தாங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த எச். சி. வில்சன் என்பவர் இலங்கை முதலிய இடங்களிலிருந்து முட்டைகளைத் தருவித்து, 1907இல் நிறுவப்பெற்ற அவலாஞ்சிப் பண்ணையின் வாயிலாக வானவில் டிரவுட் என்னும் இனத்தை மலையோடைகளில் நிலைபெறச் செய்தார். வட அமெரிக்காவின் மேலைக் கரைக்கு உரிய மீன் இவ்வாறு தமிழகத்தின் மலையில் குடியேறியது.

மலையில் குடியேறிய மீன் சமவெளிக்கு இறங்கி வர இயலாமைக்குக் காரணம் வெப்பம். மீன் குளிர்குருதி உயிரினம். அதாவது சூழ்ந்துள்ள நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீரின் வெப்பம் ஏறினால் உடலின் இயக்கம் விரைவுபடும். மூச்சுக்கு வேண்டிய உயிர்வளியின் தேவை மிகும். ஆனால் நீரோ வெப்பம் ஏற ஏறக் குறைந்த அளவு உயிர்வளியையே தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கரையும். மலையுயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலின் இவ்வளவு சற்றுக் குறையுமாயினும், பாறைகளின்மீது மோதி ஓடும் ஓடை இடைவிடாது காற்றைக் கலந்துகொண்டே செல்கிறது. நம் ஏரியின் தேங்கிய நீர் கோடையில் 30 பாகையைத் தாண்டிவிடும். வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பத்தின் நிலையே அங்கே டிரவுட்டின் நிலையாகும். எனவே, அந்த மாணவனின் வினாவிற்கு முதல் விடை, ‘வாழாது’ என்பதே.

ஆயினும் நம் ஏரிகள் மீன்வளத்திற்குத் தகுதியற்றவை என்று எண்ணிவிட வேண்டா. 25 முதல் 32 பாகை வரையுள்ள வெப்பத்தில் செழித்து வளரும் கெண்டையினங்கள் நமக்கு உள்ளன. திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் தலைநகராகிய கிடங்கில் என்னும் பழம்பதியாகும். அகழி சூழ்ந்த அப்பதி முதலாக, ஏரியை நம்பி வாழ்ந்த நாடு இது. இடைக்காலக் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்னும் சொல் வருகிறது. ஏரியின் மீனைப் பிடித்துக்கொள்வதற்காகச் செலுத்தப்பெற்ற வரியை அது குறிக்கும். இன்றும் நம் ஊராட்சிகளில் ‘மீன்பாசி ஏலம்’ என்று அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அரசுகள் மாறின, அச்சொல் மாறாது நிற்கிறது. ஏரியின் மீன் ஊரின் செல்வம் என்னும் எண்ணம் அவ்வளவு பழமையானது.

முன்னாளில் ஏரியில் யாரும் மீனை விட்டு வளர்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்து வாய்க்கால் வழியே வந்த கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, உளுவை, அயிரை ஆகியவையே பெருகின. பங்குனி, சித்திரையில் நீர் வற்றும்போது ஊர் மக்கள் ஊத்தாவும் பறியும் வலையும் கொண்டு இறங்கிப் பிடித்தனர். மீன்குஞ்சுகளை விலைக்கு வாங்கி ஏரியில் விடும் வழக்கம் பிற்காலத்தது. கங்கை, கோதாவரி, கிருஷ்ணை முதலிய ஆறுகளுக்கு உரிய கட்லா மீனைச் சென்னை மாகாண மீன்துறையினர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழக நீர்நிலைகளுக்குக் கொண்டுவந்தனர். ரோகு, மிர்கால் ஆகியவையும் பின்னர் வந்து சேர்ந்தன.

ஆனால் ஒரு தடை இருந்தது. இப்பெருங்கெண்டைகள் ஓடும் ஆற்றில் வெள்ளக் காலத்தில்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் இடுவதில்லை. ஆகவே ஆற்றில் குஞ்சுகளை வடித்தெடுத்து, பானைகளில் நிரப்பி, இரயிலில் நெடுந்தொலைவு அனுப்பவேண்டியிருந்தது. வழியில் இறந்தவை பல. 1957ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் ஒடிசாவில் உள்ள அங்குல் என்னும் ஊரில், ஹீராலால் சௌதுரி, கே. எச். அலிக்குஞ்ஞி என்னும் அறிவியலாளர்கள், மீனின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியே செலுத்திக் குளத்திலேயே கெண்டையை முட்டையிடச் செய்தனர். அந்நாளின் நினைவாகவே ஆண்டுதோறும் ஜூலை 10ஆம் நாள் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. இன்று எந்த ஊரினரும் வேண்டிய அளவு குஞ்சுகளை விலைக்கு வாங்க இயல்கிறதென்றால், அதற்கு அந்த ஊசியே காரணம்.

குஞ்சு எளிதிற் கிடைக்கத் தொடங்கியதும் ஒரு புதிய பிழை பிறந்தது. அப்பிழையில் எனக்கும் பங்கு உண்டு. அதனைச் சொல்லுவதற்கு முன், ஏரியில் மீனுக்கு உணவு எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஏரி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெயிலில் பாருங்கள். இளம்பச்சை நிறமாகத் தோன்றும். அந்நிறம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகளின் நிறம். நிலத்தில் புல் எத்தகையதோ, நீரில் இவை அத்தகையவை. கதிரவன் ஒளியையும், நீரில் கரைந்துள்ள கரிவளியையும், மண்ணிலிருந்து வரும் உப்புகளையும் கொண்டு இவை உணவை ஆக்குகின்றன. இவற்றைத் தின்று வாழ்வன நீர்த்தெள்ளு முதலிய நுண்ணுயிர்கள். வெள்ளைத் துணியில் நீரை வடித்தால் அவை துள்ளுவதைக் காணலாம். அவற்றைத் தின்று வாழ்வன மீன்கள். சிறுமீனைத் தின்று வாழ்வது விரால். இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற உணவுச் சங்கிலியின் அடிப்படை கதிரவன் ஒளியே.

இச்சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் பெரும்பகுதி செலவாகிவிடும். தின்றதெல்லாம் தசையாவதில்லை, மூச்சுக்கும் இயக்கத்திற்கும் கழிவுக்கும் போக எஞ்சுவதே வளர்ச்சியாகும். அமெரிக்க நாட்டின் மின்னசோட்டாவில் சிறிய ஏரி ஒன்றை ஆராய்ந்த ரேமண்டு லிண்டமன் என்னும் இளம் அறிஞரின் கட்டுரை 1942இல் வெளிவந்தது; அது அச்சேறும் முன்பே அவர் காலமானார். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் ஆற்றல் சிறுபகுதியே என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு என்று கொள்வது வழக்கம். அவ்வழக்கின்படி, 1,000 கிலோ பாசி 100 கிலோ நுண்ணுயிராகும்; அது 10 கிலோ மீனாகும்; அது 1 கிலோ விராலாகும். ஆகவே, பாசியையும் நுண்ணுயிரையும் நேரே உண்ணும் கெண்டையை வளர்த்தால் ஏரி மிகுதியாகத் தரும். மீனைத் தின்னும் மீனை வளர்த்தால் குறைவாகவே தரும். டிரவுட்டும் பூச்சிகளையும் சிறுமீன்களையும் தின்னும் ஊனுண்ணியே. அது நம் ஏரியில் உயிர் வாழக்கூடுமாயினும் பெருந்தொகையாக விளையாது என்பது இதனால் விளங்கும்.

கெண்டைகளுள்ளும் ஒவ்வொன்றும் ஒவ்வோரிடத்தில் உண்ணும். கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது. அது நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்களை உண்ணும். ரோகு இடைநீரில் உலவிப் பாசியையும் செடிகளில் படிந்துள்ளவற்றையும் உண்ணும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி அமைந்தது. அது அடித்தரையில் மக்கிய பொருள்களை உண்ணும். 1959இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பெற்ற வெள்ளிக்கெண்டை நுண்பாசியையும், புல்கெண்டை நீர்ச்செடிகளையும் உண்ணும். ஒரே வீட்டில் மேல்மாடியிலும் நடுக்கூடத்திலும் கீழ்த்தளத்திலும் வெவ்வேறு குடும்பங்கள் தத்தம் அடுப்பில் சமைத்து உண்பதுபோல, இவை ஒன்றன் உணவை ஒன்று பறிக்காமல் வாழும். இதனைக் கூட்டுமீன் வளர்ப்பு என்பர். ஒரே இனத்தை மட்டும் விட்டால் ஒரு தளத்தில் நெருக்கடியும் மற்றத் தளங்களில் வெறுமையும் உண்டாகும்.

இனி வளர்ச்சியைப் பற்றிச் சிறிது கணக்கிடுவோம். மீனின் நீளம் இருமடங்கானால் எடையும் இருமடங்காகும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. நீளத்தோடு அகலமும் பருமனும் வளர்வதால், எடை எட்டு மடங்காகும். 10 சென்டிமீட்டர் நீளத்தில் 15 கிராம் உள்ள மீன், உருவம் மாறாது வளர்ந்தால், 20 சென்டிமீட்டரில் 120 கிராமும், 30 சென்டிமீட்டரில் 405 கிராமும் இருக்கவேண்டும். எடையைக் கிராமில் கொண்டு 100ஆல் பெருக்கி, சென்டிமீட்டரில் உள்ள நீளத்தின் மும்மடியால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். மேற்சொன்ன மீனுக்கு அது ஒன்றரை. அதே 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, அதே இன மீன் 270 கிராமே நிறுத்தால் அவ்வெண் ஒன்றாகக் குறைந்துவிடும். அம்மீன் பட்டினி கிடந்தது என்று அவ்வெண் நமக்குச் சொல்லும். தலை பெருத்து உடல் மெலிந்த மீனைக் கண்டால், எண் இல்லாமலும் அதை அறியலாம்.

வெப்ப நாட்டில் பட்டினியின் கேடு இன்னும் மிகுதி. குளிர்நீரில் உள்ள மீன் உணவு குறைந்தால் இயக்கத்தைக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளும். வெந்நீரில் உள்ள மீனுக்கு உயிரைத் தாங்குவதற்கே நாள்தோறும் மிகுந்த உணவு வேண்டும். கிடைத்த உணவு அதற்கே போதுமானதாக இருந்தால், மீன் சாகாது; ஆனால் வளரவும் வளராது. இந்த உண்மையை நான் நூலில் படித்து அறியவில்லை. ஒரு குடும்பத்தின் துன்பத்தால் அறிந்தேன்.

எங்கள் பள்ளியை ஒட்டி ஒரு சிற்றேரி உண்டு. நீர் நிறைந்தால் பரப்பு ஏறக்குறைய 4 ஹெக்டேர். ஓராண்டு அதனை எட்டுக் குடும்பத்தினர் சேர்ந்து மீன்பாசி ஏலத்தில் எடுத்தனர். முதலாண்டு 8,000 குஞ்சுகளை விட்டனர். பாதி பிழைத்தன. ஆறு திங்களில் ஒவ்வொரு மீனும் சராசரி 600 கிராம் நின்றது. ஏறத்தாழ 2,400 கிலோ கிடைத்தது. நல்ல ஊதியம். அடுத்த ஆண்டு ஏலத்தொகை ஏறிவிட்டது. அக்குழுவின் தலைவர் என்னிடம் வந்தார். அவர் மகன் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். “ஐயா, இந்த முறை குஞ்சு மூன்று மடங்கு விடலாம் என்று இருக்கிறோம். எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள், கடன் கொடுப்பவரிடம் காட்ட வேண்டும்” என்றார்.

நான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினேன். 24,000 குஞ்சு, பாதி பிழைத்தால் 12,000, ஒவ்வொன்றும் 600 கிராம், ஆக 7,200 கிலோ. பெருக்கலில் பிழை இல்லை. அவர் மனநிறைவோடு சென்றார். அந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கினார்.

சித்திரையில் வலை இழுத்த அன்று நானும் கரையில் நின்றேன். வலை நிறைய மீன். முதலில் எல்லாரும் மகிழ்ந்தனர். தராசில் ஏற்றியபோதுதான் முகம் வாடியது. கிலோவுக்கு ஐந்து மீன் நின்றது. தலை பெரிது, முதுகு ஒட்டி உலர்ந்த உடல். மொத்தத்தையும் நிறுத்துப் பார்த்தால் 2,400 கிலோவை ஒட்டியே வந்தது. எடை முந்தைய ஆண்டினதே. ஆனால் சிறுமீனுக்குச் சந்தையில் பாதி விலைதான். குஞ்சின் செலவோ மூன்று மடங்கு. அங்கிருந்த முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, “நூறு பேருக்கு வடித்த சோற்றை முந்நூறு பேருக்குப் பரிமாறினால் யாருக்கு ஐயா வயிறு நிறையும்?” என்றார். அவர் எழுத்தறியாதவர். நான் அறிவியல் பட்டமும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றவன்.

அந்த ஆண்டு ஆனித் திங்களில் பள்ளி திறந்தபோது அந்த மாணவன் வரவில்லை. கடனை அடைக்கக் குடும்பத்தோடு செங்கற்சூளைக்குச் சென்றுவிட்டான். ஓராண்டு கழித்து அவனை மீண்டும் பள்ளியில் சேர்த்தோம், படிப்பை முடித்தான். ஆனால் அந்த ஓராண்டு அவனுக்குத் திரும்பி வரவில்லை. குழுவினர் எவரும் என்னைக் குறை கூறியதில்லை. எனினும் கரும்பலகையில் நான் எழுதிய அந்த எண்ணை நான் மறந்ததில்லை.

என் பிழை யாது? மீனின் எடையை மாறாத எண் என்று கொண்டேன். மாறாதது ஏரியின் உணவு. மீனின் எடை அவ்வுணவை மீன்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. நான் பெருக்கற் கணக்குப் போட்டேன். ஏரி வகுத்தற் கணக்குப் போட்டது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஓமர் ஸ்விங்கிள் என்னும் ஆசிரியர் 1930கள் முதல் பண்ணைக் குளங்களில் பல்லாண்டு செய்த ஆய்வுகளும் இதனையே காட்டின. ஒரு குளம் அதன் வளத்திற்கேற்ற எடையளவு மீனையே தாங்கும். குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் மீன்கள் சிறுக்குமேயன்றி மொத்த எடை அதற்கேற்பக் கூடாது. டிரவுட்டை விட்ட மலைநாட்டு ஏரிகள் பலவற்றிலும் இதே அனுபவம் உண்டு. சுண்ணாம்புச் சத்துக் குன்றிய நீரில் இரை குறைவு. அங்கே குஞ்சுகளை மிகுதியாக விட்டால் ஆண்டுகள் பல கழிந்தும் மீன் சாண் அளவிலேயே நிற்கும்.

நம் ஊர்ச் சான்று வேண்டுமா? ஜிலேபிக் கெண்டையைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிற்கு உரிய இம்மீன் 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பெற்றது. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துக் காக்கும். ஆதலின் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைக்கும். இரண்டு மூன்று திங்களிலேயே பருவமடைந்து ஆண்டிற்குப் பலமுறை இனம் பெருக்கும். விளைவு யாது? ஏரி நிறைய மீன். ஒன்றும் உள்ளங்கை அளவைத் தாண்டாது. யாரும் விடாமலே தானே பெருகி, தன் உணவையும் பிறமீன்களின் உணவையும் பங்கிட்டுச் சிறுத்துப்போன இனம் அது.

அப்படியானால் ஏரியின் உணவைப் பெருக்க இயலாதா எனக் கேட்பீர்கள். ஓரளவு இயலும். இயற்கையே அதைச் செய்கிறது. கோடையில் வற்றிய ஏரியின் தரை வெடிக்கிறது, காற்றும் வெயிலும் அதனுட் புகுகின்றன, ஆடுமாடுகள் மேய்ந்து சாணமும் புழுக்கையும் இடுகின்றன, புல் முளைக்கிறது. மழை வந்ததும் அப்புல் மூழ்கி அழுகி உரமாகிறது. சில நாளில் நீர் பசுமையாகிறது. ஆண்டுதோறும் வற்றும் நம் ஏரிகள் வளமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளங்களில் மீன் வளர்ப்போர் மாட்டுச் சாணத்தையும் சுண்ணாம்பையும் அளவாக இட்டுப் பாசியைப் பெருக்குவர். அரிசித் தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் சம அளவில் கலந்து உணவாக இடுவதும் உண்டு. வேர்க்கடலைக்குப் பெயர் பெற்றது நம் வட்டாரம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகிய கடலை வகைகள் ‘டி.எம்.வி.’ என்னும் பெயரோடு நாடெங்கும் பயிராயின. அக்கடலையின் எண்ணெய் மனிதனுக்கு; பிண்ணாக்கு மாட்டுக்கும் மீனுக்கும்.

ஆனால் இங்கும் ஓர் எல்லை உண்டு. பாசி பகலில் உயிர்வளியைத் தரும். இரவில் தானே அதனை உட்கொள்ளும். எனவே, விடியற்காலையில்தான் ஏரிநீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். சாணமும் தீவனமும் அளவு மீறினால் பாசி அடர்ந்துவிடும், எஞ்சியவை அழுகும், அழுகலும் உயிர்வளியைத் தின்னும். அடுத்தடுத்து மேகமூட்டமான நாள்கள் வந்தால், ஒருநாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை விழுங்கும். வெயில் ஏறுமுன் மிதக்கத் தொடங்கிவிடும். ஆகவே உணவு ஒரு வேலி. உயிர்வளி மற்றொரு வேலி. இவ்விரண்டிற்கும் இடையேதான் மீன் வளர்ப்போன் நடக்கவேண்டும்.

மேலும், ஏரி மீனுக்காக வெட்டப்பெற்றதன்று, பயிருக்காக வெட்டப்பெற்றது. நெல் கதிர் முற்றும் வேளையில் உழவர் மதகைத் திறப்பர். மீன் பெருக்கும் வேளையில் நீர் குறையும். பரப்புக் குறையக் குறைய உணவும் குறையும். மழை மிகுந்து ஏரி கோடி போனால், கலிங்கின் வழியே மீன்கள் வெளியேறும். இவையனைத்தையும் எண்ணியே குஞ்சுகளின் தொகையை முடிவு செய்யவேண்டும். நிறைந்த ஏரியைப் பார்த்துக் கணக்கிடாமல், தை, மாசியில் எஞ்சும் நீரைப் பார்த்துக் கணக்கிடுவதே அறிவுடைமை. குஞ்சு பலவாக இருப்பதைவிட, விரல் நீளத்திற்கு வளர்ந்தனவாக இருப்பது நல்லது. மிகச் சிறியவற்றை விராலும் குறவையும் விழுங்கிவிடும்.

மாணவர்களே, நீங்கள் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஆஞ்செலோ செக்கி என்னும் இத்தாலியத் துறவி 1865இல் ஒரு வெண்ணிறத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். நீங்களும் ஒரு சாண் அகலமுள்ள தட்டை வெள்ளையும் கறுப்புமாகத் தீட்டி, நடுவில் கல் கட்டி, கயிற்றில் சென்டிமீட்டர் குறியிட்டு, பெரியவர்கள் உடனிருக்க, ஏரியின் மதகடியில் இறக்கிப் பாருங்கள். 30 முதல் 40 சென்டிமீட்டரில் அது மறைந்தால், பாசி போதிய அளவு உள்ளது. ஒரு மீட்டர் ஆழத்திலும் தெரிந்தால் உணவு குறைவு. ஒரு சாணிலேயே மறைந்து, நீரும் கரும்பச்சையாக இருந்தால், விடியற்கால ஆபத்து அருகில் உள்ளது. மழைவெள்ளத்தின் செம்மண் கலங்கலைப் பாசியென்று கொள்ளாதீர்கள். நீரின் நிறத்தைக் கண்டு வேறுபாட்டை அறியலாம்.

மீன் பிடிக்கும் நாளில் கரைக்குச் சென்று, ஒவ்வோர் இனத்திலும் இருபது மீன்களின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன வகுத்தலைச் செய்து பாருங்கள். ஆண்டுதோறும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். எத்தனை குஞ்சு விட்டனர், எவ்வளவு எடை கிடைத்தது, எந்தத் திங்களில் நீர் குறைந்தது என்னும் மூன்றும் அதில் இருந்தால் போதும். ஐந்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால், அந்த ஏரி எவ்வளவு மீனைத் தாங்கும் என்பதை உங்கள் ஊரில் உங்களைவிட நன்கு அறிந்தவர் இரார். சங்கராபரணியின் நீரைத் தேக்கும் வீடூர் அணையாயினும், ஊர்ப்புறத்துத் தாங்கலாயினும் முறை ஒன்றே.

எங்கள் பள்ளியில் அத்தகைய குறிப்பேடு ஒன்றை அந்தச் சித்திரைக்குப் பின் தொடங்கினோம். மீண்டும் ஏலம் எடுத்தவர்கள் வந்து கேட்டபோது, நான் கரும்பலகைக்குச் செல்லவில்லை. குறிப்பேட்டைத் திறந்து, ஹெக்டேருக்கு 2,000 குஞ்சுக்கு மேல் வேண்டா என்று சொன்னேன். மீன் மீண்டும் அரைக் கிலோவைத் தாண்டியது. சூளையிலிருந்து திரும்பி வந்த அந்த மாணவனே, படிப்பை முடிக்கும்வரை, அக்குறிப்பேட்டில் எடைகளைத் தன் கையால் எழுதி வந்தான்.

ஆகவே, ஏரியில் மீன் விட எண்ணுவோர் முதலில் கேட்கவேண்டிய வினா, ‘எத்தனை குஞ்சு வாங்கலாம்?’ என்பதன்று; ‘இந்த நீரில் எவ்வளவு உணவு உண்டு?’ என்பதே. அவ்வினாவின் விடையை நீரிடமே கேட்டு அறியும் பயிற்சியை நீங்கள் இளமையிலேயே பெறுவீர்களாக.